சத்தம் போடாத ஜெனரேட்டர்

கிளைவ் ஓல்ட்ராய்டின் ஜெனரேட்டர் மேல் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் அந்த ஜெனரேட்டரின் கரண்டில் டீ போட்டுக் குடித்தவர்கள்.

அது கட்டட வேலைக்காரர்கள் ஓட்டித் தேய்த்து விற்ற சாமான். இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் இஞ்சின் அம்மணமாக உட்கார்ந்திருக்கும். கயிற்றை இழுத்தால் முதலில் இருமும், பிறகு குரைக்கும், அப்புறம் நாள் முழுக்க ஒரே கூச்சல். டிராக்கில் பைக் ஓட்ட வார இறுதியில் கூடுகிறவர்களின் வேன்கள், டிராக்கை ஒட்டின திடலில் எண்பது வேனாவது நிற்கும். எல்லாரிடமும் ஜெனரேட்டர் உண்டு. ஆனாலும் கிளைவுடையது எங்கே நிற்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்த் தொட்டுவிடலாம். பக்கத்து வேன்காரன் ஸ்டூவர்ட் பெல் காலையில் எழுந்ததும், "கிளைவு, ஹெலிகாப்டர் எத்தன மணிக்குக் கெளம்புது?" என்று கேட்பான். கிளைவ் சிரித்துக்கொண்டே, "ஆமா, ஆமா" என்பான்.

நவம்பரில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. வருகிற வருஷம் ஏழு மீட்டர் தள்ளி நின்று கருவி வைத்து அளப்பார்கள். குறித்த அளவுக்கு மேல் சத்தம் வந்தால் ஜெனரேட்டர் திடலுக்குள் வரக் கூடாது. சாயங்காலம் எட்டிலிருந்து காலை எட்டு வரை எந்த ஜெனரேட்டரும் ஓடக் கூடாது.

ஜெனரேட்டர் இல்லையென்றால் டயருக்குச் சூடு இல்லை. பைக்கின் இரண்டு சக்கரத்துக்கும் மின்சாரப் போர்வையைச் சுற்றி, ஒரு மணி நேரம் வேகவைத்து, ஓட்டுகிறவள் ஏறி உட்கார்ந்த கடைசி நிமிஷத்தில்தான் போர்வையை உரிப்பார்கள். எங்கள் பக்கத்து ஏப்ரல் குளிரில் சூடில்லாத டயரோடு முதல் வளைவில் சாய்வது, சோப்புத் தண்ணீர் ஊற்றின தரையில் ஓடுகிற மாதிரி. ஓட்டுகிறவள் கிளைவின் மகள் கெர்ரி. இருபத்தாறு வயது, வாரத்தில் ஐந்து நாள் பார்சல் வேன் ஓட்டுகிறாள். போர்வையைச் சுற்றுகிறவனும் உரிக்கிறவனும் கிளைவ்.

ராதரம் ஊரில் எங்கள் உலைப்பட்டறையில் கிளைவ் முப்பத்துநான்கு வருஷம் சம்மட்டி மிசினில் நின்றவன். சிவந்த இரும்பை இடுக்கியில் பிடித்து அச்சில் வைக்க, மேலிருந்து இரண்டு டன் விழும். நிமிஷத்துக்கு இருபது தடவை. காதடைப்பான் கொடுத்தார்கள். அதை மாட்டினால் பக்கத்து ஆள் கத்துவது கேட்காது, கத்துவது கேட்காவிட்டால் விரல் போகும். ஆகவே யாரும் மாட்டவில்லை. விரல்கள் மிஞ்சின. காது போயிற்று. ஆஸ்பத்திரியில் காது மிசின் கொடுத்தார்கள். இரண்டு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, கரண்டியும் தட்டும் மண்டைக்குள் இடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் பிழைத்தது மூன்று விஷயங்களால். ஒன்று, எதிரில் இருப்பவர் வாயைப் பார்ப்பது. இரண்டு, புரியாவிட்டால் ஆமா என்பது. மூன்றாவது அவன் மனைவி லொரெய்ன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், தொண்டை பெரியது. அவனிடம் பேசுவதற்கு முன் முழங்கையைத் தொடுவாள். வேறு யாராவது சொன்னது அவனுக்கு எட்டவில்லை என்று தெரிந்தால், அவன் பக்கம் சாய்ந்து அதையே இன்னொரு தடவை சொல்வாள். பார்க்கிறவர்களுக்கு அவள் எதையும் இரண்டு தடவை சொல்கிற பெண்பிள்ளை என்றுதான் தோன்றும். அவன் காது எவ்வளவு போய்விட்டது என்பது கெர்ரிக்கே முழுசாகத் தெரியாது. அப்பாவுக்குக் கொஞ்சம் மந்தம் என்பது வரைதான் தெரியும்.

வீட்டில் கெர்ரியும் கிளைவும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவளுடைய வேலை, வாடகை வீடு, போன வருஷம் முறிந்துபோன நிச்சயதார்த்தம் எதுவும் அவனிடம் வராது. ஆனால் டிராக்கில் அவள் பைக்கின் மேல் கை வைக்க அவனைத் தவிர யாரையும் விடமாட்டாள். நட்டு முறுக்குவது, செயினுக்கு எண்ணெய் போடுவது, பைக்கை ஸ்டாண்டில் ஏற்றுவது, டயர் எல்லாம் அவன். பட்டறையிலிருந்து அவனை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு எட்டு வார இறுதிதான் அவனுக்கு வேலை. அந்த எட்டும் போய்விடக் கூடாது என்றுதான் அந்தக் கடிதத்தை அவன் மூன்று தடவை படித்தான்.

பழையதை அடக்கிப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தான். பிப்ரவரி முழுக்கப் பின்கட்டில் ஒட்டுப்பலகை அறுத்துக்கொண்டிருந்தான். சவப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, உள்ளே பழைய கம்பளத்தை ஒட்டி, புகைக்கு ஒரு குழாய், காற்றுக்கு இரண்டு ஓட்டை. தச்சுவேலை பிரமாதம், மூலை ஒவ்வொன்றும் உளி வைத்துச் செதுக்கிப் பொருத்தினது. உள்ளே ஜெனரேட்டரை இறக்கி மூடி ஓடவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, சத்தம் குறைந்திருக்கிறது, பாதிதான் கேட்கிறது என்று கையால் காட்டினார். இருபத்தைந்து நிமிஷத்தில் கம்பளம் கருகி நாற ஆரம்பித்தது. லொரெய்ன் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். "பெட்டி நல்லாத்தான் இருக்கு. உன்னையே அதுல வச்சு அனுப்பலாம்" என்றாள். மறுநாள் கெர்ரி அம்மாவிடம் போனில், விளையாட்டு போதும், போய் ஒரு நல்ல சத்தமில்லாத மிசினாகப் பார்த்து வாங்குங்கள், பாதிப் பணம் நான் தருகிறேன் என்றாள்.

வாங்கப் போவதற்கு முன் ஸ்டூவர்ட்டிடம் கேட்டார்கள். அவன் ஜெனரேட்டர் விஷயத்தில் பாதிரியார் மாதிரி. விற்கிறவன் பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாதே, அது ஒரு மூச்சுக்கு இழுக்கிற கணக்கு, விடாமல் ஓடுவது எத்தனை வாட் என்று கேள் என்றான். டெசிபெல் கணக்கையும் நம்பாதே, சும்மா ஓடவிட்டு அளந்ததா பாரத்தோடு அளந்ததா என்று கேள். இரண்டு போர்வையும் சேர்ந்து எண்ணூறு வாட் இழுக்கும், டீக் கெட்டில் வேண்டுமென்றால் வீட்டுக் கெட்டிலைக் கொண்டுவராதே, அது ஒண்டியாகவே மூவாயிரம் குடிக்கும். லொரெய்ன் இதையெல்லாம் சமையல் குறிப்பு எழுதுகிற நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றைக்கே கடைத்தெருவில் ஆயிரம் வாட்டில் ஒரு குட்டிக் கெட்டில் வாங்கினாள்.

மூன்று இடம் பார்த்தார்கள். முதலாவது வாடகைச் சாமான் கடை. மஞ்சள் மிசின், விலை குறைவு. கிளைவ் அதன் தலையில் உள்ளங்கையை வைத்தான். அவனுக்கு அதுதான் கேட்கிற வழி. கை ஜிவ்வென்று அதிர்ந்தது. கடைக்காரப் பையன் சத்தம் அவ்வளவாக இல்லை என்று கத்திச் சொன்னான். கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று லொரெய்ன் வெளியே வந்துவிட்டாள். இரண்டாவது ஒரு காபி வண்டிக்காரன் விற்கிற பழசு. வெளியே பளபளவென்று துடைத்திருந்தது. கிளைவ் எண்ணெய் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்து மோந்துவிட்டுத் திரும்ப மூடினான். எண்ணெய் கறுத்துத் தார் மாதிரி இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள்.

மூன்றாவது டான்காஸ்டர் தாண்டி, உழவு மிசின் விற்கிற ஒரு கொட்டகை. ஜில் ஹாப்சன் என்று ஒரு அம்மாள் நடத்துகிறாள். ரப்பர் பூட்ஸ், கம்பளிக் குல்லாய், காலடியில் ஒரு நாய். சிவப்பு நிறத்தில் ஒரு மிசின் எடுத்து முற்றத்தில் வைத்தாள். ஒரு ஆள் ஒரு கையில் தூக்குகிற பாரம்தான், வடிவம் பெரிய சூட்கேஸ் மாதிரி. கயிற்றை ஒரே இழுப்பு. பிறகு ஏழெட்டுத் தப்படி எண்ணிக்கொண்டு பின்னால் போய் நின்றாள்.

"இங்க நின்னு புருசனும் பொண்டாட்டியும் சாதாரணமாப் பேசுங்க" என்றாள். "பேச்சு கேட்டா நல்ல மிசின். சண்ட கேட்டா இன்னும் நல்ல மிசின்."

லொரெய்ன் சிரித்தாள். கொட்டகைக் கூரையில் புறா முனகுவது கேட்டது. மிசின் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது அவளுக்கு. கிளைவ் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மிசினைப் பார்த்தான்.

"ஓடுதா அது?" என்றான்.

"ஓடுது" என்றாள் லொரெய்ன், அவன் முழங்கையைத் தொட்டு.

அவன் போய் உள்ளங்கையை வைத்தான். உள்ளே பூனை உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு. முகம் தெளிந்தது. ஆயிரத்து அறுநூறு வாட் விடாமல் ஓடும், ஒரு மூச்சுக்கு இரண்டாயிரம், என்று ஜில் சொன்னதை லொரெய்ன் நோட்டில் எழுதினாள். எழுநூறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். கிளைவுக்கு விலை உறைத்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. வாங்கிவிடலாம் என்றான். லொரெய்ன் வங்கி அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே இருந்த பெண்ணிடம் பணம் கட்டப் போனாள்.

அந்த நேரத்தில் ஜில் மிசின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி ஒவ்வொரு விளக்காகத் தொட்டுக் காட்டினாள். பச்சை எரிந்தால் கரண்ட் வருகிறது. மஞ்சள் என்றால் எண்ணெய் குறைவு. சிவப்பு எரிந்தால் பாரம் அதிகமாகி உள்ளேயே கரண்ட்டைத் துண்டித்துவிட்டது. அப்போதும் இஞ்சின் நிற்காது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஏமாந்துவிடாதீர்கள், அணைத்துத் திரும்பப் போட வேண்டும். இவ்வளவையும் அவள் மிசினைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கிளைவுக்குத் தெரிந்தது ஒரு கம்பளிக் குல்லாயும் ஒரு விரலும்.

"வெளங்குச்சா?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமா" என்றான்.

ஜில் அவனைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். தன் வீட்டுக்காரரும் நாற்பது வருஷம் டிராக்டர் இரைச்சலில் உட்கார்ந்தவர் என்றாள். கிளைவ் அதற்கும் ஆமா என்றான். அப்போது லொரெய்ன் ரசீதோடு வந்தாள்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் முதல் கூட்டம். லிங்கன்ஷையரில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தின் மேல் போட்ட டிராக். சுற்றி நாற்பது மைலுக்கு ஒரு மேடு கிடையாது. வடகடல் காற்று நேராக வந்து வேன் கதவைப் பிடுங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடாரம் அடித்து, காற்றில் பறக்காமலிருக்க அதன் கால்களுக்குத் தண்ணீர்க் கேன் கட்டினார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு கிளப்பு ஆள் அளவுக்கருவியோடு வந்தான். கிளைவின் வேன் பக்கம் வந்தவன் கருவியைத் தட்டிப் பார்த்தான், வேலை செய்கிறதா என்று.

அன்றைக்கு முழுக்க கிளைவ் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். வருகிறவன் போகிறவனெல்லாம் புது மிசினைப் பார்க்க வந்தார்கள். ஸ்டூவர்ட் மண்டியிட்டுக் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஹெலிகாப்டர வித்துட்டுப் பூனக்குட்டி வாங்கிருக்கான்" என்றான். புகார்க் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவன் கையில் கோப்பையோடு வந்து டீ கேட்டான். லொரெய்ன் கொடுத்தாள். குட்டிக் கெட்டில் போர்வையோடு சேர்ந்து சமர்த்தாக ஓடிற்று. போர்வை ஏற்கெனவே சூடேறி, விட்டுவிட்டு இழுக்கிற நேரம் அது. அந்த வித்தியாசம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கெர்ரி நான்கு தடவை டிராக்கில் இறங்கி நான்கு தடவையும் தன் பழைய நேரத்தைவிட வேகமாக வந்தாள். மத்தியானம் மாமிசமும் உருளைக்கிழங்கும் பொதித்துச் சுட்ட பண்டம், ராத்திரிக்கு மீனும் வறுவலும். கெர்ரி வேனுக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, சத்தமில்லாமல் இருப்பது எவ்வளவு சுகம், ராத்திரி கண்ணை மூடினால் இனி மண்டைக்குள் இஞ்சின் ஓடாது என்றாள். லொரெய்ன் அதை கிளைவிடம் சொன்னாள். அவன் பூரித்துப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு டிகிரி. டயர் ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்தது. எட்டு மணிக்கு கிளைவ் கயிற்றை இழுத்தான், உள்ளங்கையை வைத்தான், போர்வைகளைச் சுற்றிப் பிளக்கைச் செருகினான். விளக்குகள் இருக்கிற முகம் வேனின் பின்பக்கத்தைப் பார்த்திருந்தது. புகை வேன் பக்கம் அடிக்கக் கூடாது என்று அப்படித் திருப்பி வைத்திருந்ததால், குனிந்து பார்த்தால்தான் விளக்கு தெரியும். போர்வையிலேயே ஒரு சின்ன விளக்கு உண்டு. அது போன வருஷமே செத்துவிட்டது. பழைய ஜெனரேட்டர் இருந்தபோது அது தேவைப்படவும் இல்லை. பாரம் ஏறினால் அந்தக் கிழட்டு இஞ்சின் திணறுவது அவனுக்குக் கால் வழியாகவே தெரியும். மூச்சுவிட்டால் தெரியும், மூச்சை நிறுத்தினால் தெரியும். அதன் சத்தத்தை அவன் காதால் கேட்டே பல வருஷமாகியிருந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து லொரெய்ன் கெட்டிலைப் போட்டாள். போர்வை இரண்டும் முழு மூச்சில் இழுக்கிற நேரம். கெட்டில் முனகத் தொடங்கி, முனகல் நின்றது. அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வெதுவெதுப்பு. புதுக் கெட்டில் அதற்குள் போய்விட்டது என்று திட்டிக்கொண்டு கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தாள். கிளைவ் முதுகைக் காட்டிக் குனிந்து செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். லொரெய்னுக்கு ஒரு கையில் பன்றிக்கறித் துண்டு பொரிகிற சட்டி, ஒரு கையில் ரொட்டி. முழங்கையைத் தொட அவளுக்கு மூன்றாவது கை இல்லை.

"கெட்டில் வேல செய்யல, கிளைவ். பிளக்க கொஞ்சம் பாரேன்" என்றாள் அவன் முதுகைப் பார்த்து.

யாரோ ஏதோ சொல்கிறார்கள் என்ற அளவுக்கு அவனுக்குப் பட்டது. "ஆமா, சரி" என்றான்.

ஒரு மணி நேரம் போயிற்று. நடுவில் அவன் இரண்டு தடவை மிசின் தலையில் கை வைத்தான். பூனை உறுமிக்கொண்டுதான் இருந்தது.

ஒன்பது பத்துக்குக் கெர்ரியின் வரிசையைக் கூப்பிட்டார்கள். அவள் ஹெல்மெட் மாட்டி, கண்ணாடியை இறக்கி, ஏறி உட்கார்ந்தாள். கிளைவ் போர்வைகளை உரித்தான். கையில் கம்பளிக் கையுறை. இல்லாமலிருந்தாலும் முப்பத்துநான்கு வருஷம் இடுக்கி பிடித்த தோலுக்குச் சூடும் குளிரும் சீக்கிரம் ஏறாது. ஸ்டாண்டிலிருந்து பைக்கை இறக்கினான். கெர்ரி தலையைத் திருப்பி ஏதோ கேட்டாள். ஹெல்மெட்டுக்குள் அவள் வாய் அவனுக்குத் தெரியவில்லை. அவன் தலையை ஆட்டி, பெட்ரோல் டாங்கியில் இரண்டு தட்டுத் தட்டினான். போகலாம் என்று அர்த்தம்.

நாலாவது வளைவு இடதுபுறம் திரும்புகிறது. முதல் சுற்றிலேயே, அவசரம் எதுவும் இல்லாமல், முந்தின நாள் சாய்ந்த அளவில் பாதிதான் சாய்ந்தாள். பின்சக்கரம் பிடியைவிட்டு வெளியே போய், திரும்பப் பிடித்து, அவளை மேலே தூக்கி வலது தோள் விழ எறிந்தது. எல்லாரையும் நிறுத்தச் சிவப்புக் கொடி போட்டார்கள்.

மருத்துவக் கொட்டகையில் தோளுக்கு மேல் காறையெலும்பு முறிந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுங்கள் என்றார்கள். கெர்ரி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். தன் தப்புதான், டயரை நம்பிக் கொஞ்சம் முந்திச் சாய்த்துவிட்டேன் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது ஸ்டூவர்ட் வந்தான். கிளைவின் எதிரில் நின்று நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஒம் மிசின்ல செவப்பு லைட் எரியுது. கரண்டே வரல. போர்வ ஐஸ் மாதிரி கெடக்கு. அந்தக் கடக்காரி ஓட்டச் சாமான ஒந் தலயில கட்டிட்டா. நாளைக்கே கொண்டுபோய் அவ வாசல்ல போடு."

கிளைவ் எழுந்து போனான். வேனுக்குப் பின்னால் மண்டியிட்டுப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளங்கையை வைத்தான். ஓடிற்று. மீட்டுக் கொண்டுவந்து கிடத்தியிருந்த பைக்கிடம் போய்க் கையுறையைக் கழற்றிப் பின்டயரைத் தொட்டான். மேலெல்லாம் ஈரப் புல். மிசின் பக்கம் திரும்பி வந்தான். அந்தக் கம்பளிக் குல்லாயும் ஒவ்வொரு விளக்காகத் தொட்ட விரலும் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மிசினை அணைத்தான். அதைத் திரும்பப் போட்டபோது விளக்கு பச்சையாக எரிந்தது.

அவன் திரும்பி வருவதற்குள் திடல் முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சத்தமில்லாத மிசின் என்றாலே இப்படித்தான், பிளாஸ்டிக்குச் சாமான், பழைய இரும்பு பழைய இரும்புதான் என்றார்கள். புகாரில் கையெழுத்துப் போட்டவனே அதையும் சொன்னான். கிளைவ் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும். யாரும் அவனைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். கெர்ரியின் கையைக் கழுத்தோடு துணித் தூளியில் கட்டியிருந்தார்கள். லொரெய்ன் பொட்டணத்திலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தாள். மிசின் கோளாறுதான், உன் தப்பு இல்லை, கடைக்காரியைச் சும்மா விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கெட்டில் நின்றபோதே அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று அவளுக்கும் உள்ளே உதைத்தது. அதனால்தான் நிறுத்தாமல் பேசினாள் என்று பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

கிளைவ் எழுந்து கெர்ரிக்கு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"மிசின் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"அப்புறம்?" என்றாள் கெர்ரி.

"பாரம் ஏறினா கரண்ட வெட்டிரும், இஞ்சின் மட்டும் ஓடும். செவப்பு லைட்டப் பாக்கணும். அந்தம்மா எங்கிட்ட சொல்லிச்சு."

"மறந்துட்டியா?"

"மறக்கல. காதுல விழல. வெளங்குச்சான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்."

லொரெய்ன் ரொட்டியை மடியில் வைத்தாள். "கெட்டில் நின்னுபோச்சுன்னு நானும்தான் சொன்னேன்" என்றாள். "முதுகப் பாத்துச் சொன்னேன். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சொன்னேன்."

கெர்ரி அம்மாவைப் பார்க்கவில்லை. "நான் வண்டியில ஏறி ஒன்னு கேட்டேனே" என்றாள்.

"ஆமா."

"என்ன கேட்டேன்?"

"தெரியாது."

"சூடாயிருச்சான்னு கேட்டேன். நீ தலைய ஆட்டின."

"ஆட்டினேன். ஹெல்மெட்ல வாய் தெரியல, பிள்ளே."

"இன்னிக்கு மட்டுமா?"

அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி புரியவில்லையோ என்று லொரெய்ன் அவன் பக்கம் சாய்ந்தாள்.

"புரிஞ்சுது" என்றான். "நீ ஹெல்மெட் மாட்டினப்புறம் கேட்டதெல்லாம். எல்லாத் தடவையும்."

அவள் பைக் ஓட்ட ஆரம்பித்து நான்கு வருஷம். கெர்ரி அதையெல்லாம் தனக்குள் புரட்டிப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"போன ஆகஸ்ட்ல பிரேக் கட்டைய மாத்திட்டியான்னு கேட்டேன்."

"மாத்தியிருந்தேன்."

"நான் கேட்டதுக்கா தலைய ஆட்டின? மாத்தியிருந்தது ஒன்னோட அதிர்ஷ்டம். என்னோட அதிர்ஷ்டம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் தோள் வலித்தது. "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ வேற ஆளப் பாத்திருப்ப."

"பாத்திருப்பேன்."

நர்ஸ் வந்து அவள் பெயரைக் கூப்பிட்டாள். கெர்ரி தானே எழுந்து உள்ளே போனாள். லொரெய்ன் ரொட்டியை மடித்துப் பொட்டணத்தில் வைத்தாள். புருஷனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வருஷமாக இந்த மனிதனுக்கு இரண்டாம் தடவை சொல்லிச் சொல்லியே இதை மூடிவைத்தது நான்தான் என்று அங்கே உட்கார்ந்து நினைத்ததாக லொரெய்ன் சொன்னாள். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

எலும்பு ஒழுங்காகக் கூடும், எட்டு வாரம் பைக் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்டூவர்ட் இவர்களுடைய கூடாரத்தைப் பிரித்து, பைக்கையும் மிசினையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். இவர்கள் வேனில் வெறுமனே ஊருக்குக் கிளம்பினார்கள். கிளைவ் ஓட்டினான், நடுவில் லொரெய்ன், ஜன்னலோரம் கெர்ரி. மழை தூறிற்று. இரண்டு பக்கமும் கறுத்த உழவு நிலம், பீட்ரூட் விதைப்புக்குக் கிளறிப் போட்டது. ஒரு பெட்ரோல் நிலையம் தாண்டினார்கள். கெர்ரிக்கு வலி மாத்திரை கொடுத்திருந்தார்கள், தூங்குகிறாள் என்றுதான் லொரெய்ன் நினைத்தாள். கெர்ரி ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். ஒரு வாக்கியம், அதன் பின்னால் இன்னொன்று.

கிளைவின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. லாரிகள் ஒதுங்குகிற ஓரமாக வேனை இறக்கி, இஞ்சினை அணைத்து, வைப்பரையும் நிறுத்தினான். லொரெய்னைத் தாண்டி மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"கேக்கல" என்றான். "திரும்பச் சொல்லு."

கல்யாணமான நாளாக அவன் அந்தச் சொல்லைச் சொல்லி லொரெய்ன் கேட்டதில்லை. அவள் பழக்கத்தில் அவன் காதுப் பக்கம் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

"நீ சொல்லாதம்மா" என்றாள் கெர்ரி.

தூளிக் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, உடம்பை மெல்ல அவன் பக்கம் திருப்பினாள். லொரெய்ன் இருக்கையோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டாள்.

"நான் திரும்ப ஓட்ட வரும்போது டயர் பக்கம் நீ வரக் கூடாது. ஆஸ்பத்திரியிலேருந்தே ஸ்டூவர்ட்டுக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன், அவன் பாத்துக்கிறேன்னான். நீ வேன ஓட்டிட்டு வா. அதோட சரி."

ஒரு லாரி பக்கத்தில் போய் வேன் ஆடிற்று. கிளைவ் அவள் உதடு கடைசியாக மூடுகிற வரை பார்த்தான்.

"டயர் பக்கம் நான் வரக் கூடாது" என்றான். "ஸ்டூவர்ட் பாத்துக்குவான்."

கெர்ரி காத்திருந்தாள்.

"நான் வேன ஓட்டிட்டு வரணும். அதோட சரி."

அவள் தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளைவ் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வரிசையாக ஐந்தாறு வண்டி வந்தது. எல்லாம் போகட்டும் என்று காத்திருந்து, சாவியைத் திருப்பினான்.